பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பெண்கள் அணியின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் பெரும்பாலும் கேடயங்கள் அடுக்கிய கண்ணாடி அலுமாரியிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே இருப்பவை வென்ற ஆண்டுகள் மட்டும். முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய அணி, ஆள் சேராததால் பெயர் கொடுக்காமல் விட்ட ஆண்டு, பஸ் கிடைக்காமல் தவறிய போட்டி எதுவும் அந்த அலுமாரியில் இராது. பெண்கள் அணிக்கு இந்த ஆண்டுகள்தான் முக்கியம். அணி சேர்ந்ததா, வீட்டில் விட்டார்களா, மைதானத்தில் வெளிச்சம் இருந்ததா, விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்பட்டது என்பவைதான் அந்த அணி எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைச் சொல்லும். கேடயங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள்.

ஆண்டுச் சட்டகம்

ஒரு பெரிய தாளிலோ கணினி அட்டவணையிலோ பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு முதல் இன்றுவரை ஆண்டுக்கு ஒரு வரி போடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வரி 1986இல் தொடங்கக் கூடாது. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் அது முழுப் பல்கலைக்கழகமானது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளின் விளையாட்டு விபரங்கள் வேறு பெயரில் இருப்பதால் பலர் அவற்றைத் தேடுவதே இல்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல்தான் பல்கலைக்கழகத் தரம் பெற்றது.

ஒவ்வொரு வரியிலும் நாட்காட்டி ஆண்டு, கல்வியாண்டு, அணித்தலைவி, பயிற்றுவிப்பாளர், முழு அணி, சென்ற போட்டிகளும் இடமும், முடிவு, இதற்கு என்ன ஆதாரம் என்ற பத்திகள் இருக்கட்டும். ஆதாரப் பத்தியைக் கடைசியில் நிரப்பலாம் என்று விடாதீர்கள். மூன்று மாதம் கழிந்தால் "இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது" என்று ஒருவருக்கும் நினைவிராது; பிறகு அந்த வரியை நம்பவும் முடியாது, அழிக்கவும் மனம் வராது.

வெற்று வரிகளில் மூன்று வகை உண்டு. அணி இருக்கவில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அணி இருந்தது, விபரம் கிடைக்கவில்லை. இரண்டில் எது என்றே தெரியாது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு குறி போடுங்கள். இவற்றைக் கலந்துவிட்டால் "1990களில் பெண்கள் விளையாடவில்லை" என்று ஆதாரமில்லாத ஒரு வாக்கியம் அச்சேறிவிடும்.

கல்வியாண்டுக் குழப்பத்தையும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். உயர்தரம் எழுதிய ஆண்டு, கல்வியாண்டின் பெயர், வளாகத்துக்குள் கால் வைத்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு நான்கும் நம் நாட்டில் ஒத்துப்போவதில்லை. 2015/2016 கல்வியாண்டு மாணவி என்றால் அவர் 2015இல் விளையாடினார் என்று பொருளில்லை. "எந்த பட்ச்?" என்று கேட்டு விடையை அப்படியே ஆண்டாக எழுதினால் ஒரே அணி அட்டவணையில் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். போட்டி நடந்த நாட்காட்டி ஆண்டே அடிப்படை. பட்ச் விபரம் தனிப் பத்தியில் போகட்டும்.

காகிதங்கள் எங்கே இருக்கும்

உடற்கல்விப் பிரிவில் "பழைய கூடைப்பந்து விபரம் தாருங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கூடைப்பந்து என்று பெயரிட்ட கோப்பு இல்லாமல் இருக்கலாம். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு அனுப்பிய நுழைவுப் படிவப் பிரதிகள், பஸ் கேட்டு எழுதிய கடிதங்கள், சிற்றுண்டிக் கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகள், விளையாட்டுத் திறமைக்குக் கொடுக்கும் வர்ண விருதுக்கான சிபாரிசுப் பட்டியல்கள், விளையாட்டுப் பொருள் இருப்புப் பதிவேடு.

இவற்றில் இருப்புப் பதிவேட்டுக்கு ஈடு வேறில்லை. பந்து எத்தனை வந்தது, ஜேர்சி எந்த ஆண்டு தைக்கப்பட்டது, பொருளை வாங்கிக் கையெழுத்திட்டது யார் என்பதெல்லாம் திகதியோடு அதில் இருக்கும். கையெழுத்திட்டவர் அநேகமாக அணித்தலைவியாகவோ உபதலைவியாகவோ இருப்பார். அணிப் பட்டியல் தொலைந்த ஆண்டிலும் இந்த ஒரு வரியிலிருந்து ஓர் ஆளைப் பிடிக்கலாம். அந்த ஆளிடமிருந்து மற்றவர்களை எட்டலாம்.

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பத்தைச் சிறியதாக வையுங்கள். "அணியின் முழு வரலாறு" என்று கேட்டால் அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வரும். "1998 முதல் 2002 வரை பெண்கள் கூடைப்பந்துக்கு அனுப்பப்பட்ட நுழைவுப் படிவங்களின் பிரதி" என்று கேளுங்கள். முகவரி, அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றை நீக்கிவிட்டுத் தரலாம் என்றும் சேர்த்து எழுதினால் தனியுரிமையைக் காட்டி மறுக்கும் வாய்ப்புக் குறையும்.

பத்திரிகைகளில் வீரகேசரி, தினகரன், 1997க்குப் பின் தினக்குரல் ஆகியவற்றைப் பாருங்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. வீட்டிலிருந்தே தேடுவதற்கு 'நூலகம்' என்ற பெயருள்ள தமிழ் எண்ணிம நூலக இணையத்தளம் இருக்கிறது. வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த பழைய இதழ்களில் சொல்லைத் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம், பக்கம் புரட்டியே ஆக வேண்டும். தேடும் இடத்தில் கூடைப்பந்து, கூடைப்பந்தாட்டம், பாஸ்கட்போல், மகளிர், பெண்கள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். 1986க்கு முந்தியதென்றால் "பல்கலைக்கழகக் கல்லூரி" என்று தேடுங்கள்.

வலைப்பந்துடன் கலக்கும் பிழை மிகச் சாதாரணமானது. நம் பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்து பரவலாக ஆடப்படுவதால், இரண்டையும் ஆடிய மாணவிகள் ஏராளம்; செய்தி எழுதியவரும் தடுமாறியிருப்பார். வலைப்பந்தில் ஆடுவது எழுவர், கூடைப்பந்தில் ஐவர்; ஆகவே செய்தியில் எழுவர் பெயர் இருந்தாலோ 'கோல்' கணக்கு இருந்தாலோ சந்தேகப்படுங்கள். படத்தில் என்றால் இன்னும் எளிது. வலைப்பந்துக் கம்பத்தில் வளையத்துக்குப் பின்னே பலகை இராது. மார்பில் இலக்கத்துக்குப் பதிலாக ஆடுமிடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும்.

புள்ளித்தாளைப் படித்தல்

ஒரு புள்ளித்தாள் கிடைத்தால் அது பத்து நேர்காணலுக்குச் சமம். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் முறைப்படி எழுதிய தாளில் ஆடுகளத்துக்குள் இறங்கியவரின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி இருக்கும்; அதைச் சுற்றி வட்டமிருந்தால் அவர் ஆரம்ப ஐவரில் ஒருவர். குறியே இல்லையென்றால் அணியில் இருந்தார், ஆடவில்லை. புள்ளி ஏற ஏறக் குறித்துவரும் ஓடும் புள்ளிப் பகுதியில் சாய்கோடு ஆட்டத்தின்போது போட்ட கூடையைக் குறிக்கும், நிரப்பிய சிறு வட்டம் ஃப்ரீ த்ரோவை (தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலை) குறிக்கும். வீராங்கனையின் இலக்கத்தைச் சுற்றி வட்டமிருந்தால் அது மூன்று புள்ளிக் கூடை.

இந்தத் தாளில் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது) இல்லை, அசிஸ்ட் (கூடை போட உதவிய பாஸ்) இல்லை. ஆகவே "அந்த ஆட்டத்தில் 14 ரீபவுண்ட் எடுத்தார்" என்று யாராவது சொன்னால் அதைச் சொன்னவரின் நினைவாக எழுதலாமே தவிர, பதிவாக எழுதக் கூடாது.

ஒவ்வொரு வீராங்கனையின் புள்ளிகளையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். தனியாட்களின் கூட்டுத்தொகை, கால்பகுதிகளின் கூட்டுத்தொகை, இறுதிப் புள்ளி மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் இறுதிப் புள்ளியை மாற்றாதீர்கள். நடுவர் கையெழுத்திட்டது அதில்தான். வேறுபாட்டைக் குறிப்பாக எழுதி விடுங்கள்.

தாளை எப்போதும் நிறத்தில் வருடுங்கள். முதலாம், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பிலும் மற்றவற்றை நீலம் அல்லது கறுப்பிலும் எழுதுவது வழக்கம். கறுப்புவெள்ளைப் பிரதி எடுத்தால் எந்தக் கூடை எந்தப் பகுதியில் விழுந்தது என்பது போய்விடும். தாளின் நிறமும் பேசும். ஃபீபா முறையில் இளஞ்சிவப்புப் பிரதி வென்ற அணிக்கு, மஞ்சள் பிரதி தோற்ற அணிக்கு. உள்ளூர்ப் போட்டிகளில் சாதாரணக் கடதாசியே பாவித்திருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெழுத வேண்டாம்.

20–0 என்ற முடிவைக் கண்டால் நிதானியுங்கள். எதிரணி வராமலோ ஆட மறுத்தோ ஆட்டம் கைவிடப்பட்டால் விதிப்படி கொடுக்கப்படும் புள்ளி அது. அதை "20 புள்ளி வித்தியாசத்தில் அபார வெற்றி" என்று எழுதுவது வரலாற்றுக்கும் வராத அணிக்கும் செய்யும் அநியாயம். ஏன் வரவில்லை என்று தேடுங்கள், பாதை மூடியிருந்திருக்கலாம்.

2000ஆம் ஆண்டுக்கு முந்திய தாள்களில் நான்கு பகுதி இல்லாமல் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள் இருக்கும். நான்கு பத்து நிமிடங்கள் அந்த ஆண்டுதான் ஃபீபா விதியாயின. பந்தையும் கேளுங்கள்: பெண்களுக்கான, சற்றுச் சிறிய 6ஆம் அளவுப் பந்தை ஃபீபா 2004இல்தான் விதியாக்கியது. அதற்கு முன் ஆடியவர்கள் ஆண்கள் பாவிக்கும் 7ஆம் அளவுப் பந்தாலேயே எறிந்தார்கள். இரண்டு தலைமுறையின் புள்ளிகளை ஒப்பிடும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

படத்துக்குத் திகதி கண்டுபிடித்தல்

படத்தில் உள்ளவர்களிடம் ஆண்டு கேட்கும் முன் படத்தையே கேளுங்கள். தரையில் வளையத்துக்குக் கீழுள்ள வர்ணப் பகுதி செவ்வகமா, கீழே அகன்ற சரிவகமா? 2010இல்தான் ஃபீபா அதைச் செவ்வகமாக்கியது. அதே ஆண்டு மூன்று புள்ளிக் கோடு 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப்போனது. பழைய கோடு முழுதாக அழியாமல் இரண்டு வளைவுகள் தெரிந்தால் படம் அந்த மாற்றத்துக்குப் பிந்தியது. ஜேர்சி இலக்கம் இன்னொரு சான்று. 2014 வரை ஃபீபா போட்டிகளில் 4 முதல் 15 வரைதான். அதன் பிறகே 0, 00, 1 முதல் 99 வரை வந்தன.

இவை எல்லாம் ஒருபக்கச் சான்றுகள். செவ்வகம் தெரிந்தால் 2010க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. சரிவகம் தெரிந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பல மைதானங்களில் பெயின்ற் அடிக்கப் பணம் வரும்வரை பழைய கோடு அப்படியே கிடந்திருக்கும். 4 முதல் 15 வரையான இலக்கங்களும் அப்படித்தான், தைத்த ஜேர்சி கிழியும்வரை பாவிக்கப்படும்.

தலையை மூடி ஆடிய முஸ்லிம் வீராங்கனைகளின் படங்கள் ஒலுவில் அணிக்கு மிக முக்கியமானவை. ஃபீபா 2017 ஒக்டோபரிலிருந்துதான் தலைமூடியை அனுமதித்தது. அதற்கு முன் உள்ளூர் நடுவர்கள் என்ன செய்தார்கள், யாராவது ஆடாமல் ஒதுங்க நேர்ந்ததா, அணி எப்படிச் சமாளித்தது என்பதை ஆடியவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். வேறெந்த ஆவணத்திலும் இது கிடைக்கப்போவதில்லை.

படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் வருடுங்கள், தாள்களுக்கு 300 போதும். பின்பக்கத்தையும் வருட மறக்காதீர்கள், ஸ்ரூடியோ முத்திரையும் பென்சில் திகதியும் அங்கேதான் இருக்கும். பிசின் தாள் அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். மட்டக்களப்பு ஈரக்காற்றில் பல வருடம் கிடந்த படத்தின் மேற்படலம் தாளோடு போய்விடும். ஜன்னலோரம், பிளாஷ் போடாமல், பிளாஸ்ரிக் உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அல்பத்தோடு சேர்த்தே படமெடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் போட்டோவாக அல்லாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் படம் சுருங்கும், எடுத்த திகதியும் அழியும். பேஸ்புக்கில் தெரியும் திகதி ஏற்றிய திகதி, எடுத்த திகதி அல்ல.

பெயர்கள்

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். பல்கலைக்கழக ஆவணத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து; திருமணத்துக்குப் பின் பலருக்குக் கணவர் பெயரின் முதலெழுத்து. ஒரே வீராங்கனை இரண்டு ஆளாகப் பட்டியலில் வருவார். மறுபக்கம், ஒரே ஆண்டில் இரண்டு தர்ஷினி இருந்து ஒருவராகச் சுருங்கிவிடுவதும் உண்டு. நுழைவுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தர்சினியா தர்ஷினியா என்பதை ஊகிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். அணிகளில் சிங்கள மாணவிகளும் இருந்திருப்பார்கள். அவர்களின் பெயரைச் சிங்கள எழுத்தில் ஒருமுறை எழுதி வாங்கிவிட்டுத் தமிழில் எழுதினால் உச்சரிப்புச் சிதையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர் இலக்கம் கொடுத்து, அவருக்குரிய எல்லா எழுத்துவடிவங்களையும் அதன் கீழ் சேருங்கள்.

ஆடியவர்களோடு பேசுதல்

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். பொருளையும் நேரத்தையும் கேளுங்கள். பயிற்சி காலையா மாலையா? பந்து யாரிடம் இருந்தது? சப்பாத்து எங்கே வாங்கினீர்கள், காசு யார் கொடுத்தது? பேராதனைக்கோ கொழும்புக்கோ போனபோது எங்கே தங்கினீர்கள், கூட யார் வந்தது? வழியில் எத்தனை சோதனைச்சாவடியில் இறங்கினீர்கள்? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்? இப்படிக் கேட்டால் அக்காமார் தாங்களாகவே மீதியைச் சொல்வார்கள்.

ஆண்டு நினைவில்லாவிட்டால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த நாட்களை வைத்து நெருங்கலாம்: 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்துக்கு முன்பா பின்பா, 2004 டிசெம்பர் 26 சுனாமி வந்தபோது எந்த வருடம் படித்தீர்கள், 2009 மேயில் வளாகத்தில் இருந்தீர்களா. முதலில் தனித்தனியாகப் பேசுங்கள், பிறகு கூட்டமாக. கூட்டத்தில் குரல் பெரியவரின் நினைவு எல்லோருடைய நினைவாகவும் மாறிவிடும். ஆனாலும் கூட்டம் அவசியம். படத்தில் பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர் அங்கேதான் கிடைக்கும்.

1990ஐப் பற்றிக் கேட்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். அந்த ஆண்டு வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்த ஆண்டின் வரியில் "போட்டி இல்லை" என்று மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் உரிமை இல்லை. ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னால் அப்போதே நிறுத்துங்கள்.

பேசத் தொடங்குமுன் இரண்டு விடயத்தைத் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பேச்சை அச்சிடலாமா, படத்தை வெளியிடலாமா. காற்சட்டையோடு மைதானத்தில் நின்ற படத்தை இன்று இணையத்தில் போட விரும்பாத அக்காமார் இருப்பார்கள். அச்சுப் புத்தகத்துக்குச் சம்மதித்தவர் பேஸ்புக்குக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது எங்கே வசிக்கிறார், எங்கே வேலை என்பவை அணியின் வரலாற்றுக்குத் தேவையில்லை.

பாடசாலை வேர்

அணியில் யார் எந்தப் பாடசாலையில் பந்து பிடித்தார் என்ற பத்தியைச் சேருங்கள். மட்டக்களப்பில் கூடைப்பந்து வேரூன்றியதற்குப் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசுசபைத் துறவிகள் முக்கிய காரணம். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அருட்தந்தை ஹரல்ட் வெபர் அவர்களில் ஒருவர். கூடைப்பந்துப் பயிற்றுவித்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவை ஆண்கள் பாடசாலையின் கதை. பெண்களுக்கு அந்த ஆட்டம் எந்தப் பாடசாலை வழியாக, யார் கையால் வந்தது என்பதை உங்கள் பத்தி நிரம்பும்போது கண்டுகொள்வீர்கள்.

எழுதி வெளியிடுதல்

1891இல் கூடைப்பந்தை உருவாக்கிய நைஸ்மித் பீச் பழக் கூடையைத் தொங்கவிட்டதிலிருந்து தொடங்காதீர்கள். சென்டா பெரென்சன் 1892இல் அமெரிக்காவின் சிமித் கல்லூரி மாணவிகளுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்ற ஒரு வரி போதும். முதல் பக்கத்தில் வாசகி தேடுவது தன் வளாகத்து மைதானத்தை.

ஆண்டு வரிசையில் எழுதுங்கள், ஆனால் எல்லா ஆண்டுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. விபரம் குறைந்த ஆண்டு இரண்டு வரியில் நிற்கட்டும். "முதல்", "ஒரே", "அதிகமான" என்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஆதாரம் இல்லாத இடத்தில் "கிடைத்த பதிவுகளில் மிகப் பழையது" என்று மாற்றுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் பெயர்ப் பட்டியலை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொரு காலத்தையும் சேர்ந்த இருவருக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட பெயர் அப்போதே தெரிந்துவிடும். புத்தகம் வந்தபிறகு தெரிந்தால் அந்த மனத்தாங்கல் ஆறாது. மூலப் படங்களை உரியவரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். வருடிய கோப்புகளை மூன்று பிரதியாக வையுங்கள்: ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், ஒன்று உடற்கல்விப் பிரிவில், ஒன்று நூலகம் நிறுவனம் போன்ற வெளியிடத்தில், சம்மதம் கிடைத்த பகுதி மட்டும். புத்தகத்தின் கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கமும், திருத்தம் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் விடுங்கள். அந்த முகவரி ஒரு மாணவியின் சொந்த முகவரியாக இராமல் அணிக்குரியதாக இருக்கட்டும். அவர் பட்டம் பெற்றுப் போனாலும் அடுத்த தலைவி அதைத் திறந்து பார்க்கலாம்.